நாற்பத்தெட்டு வோல்ட்

அல் கூஸில் எங்கள் கேம்ப்புக்கு முன்பக்கம் டயர் கோடவுன், பின்பக்கம் மார்பிள் அறுக்கும் பட்டறை. மார்பிள் தூள் எந்நேரமும் பறந்துகொண்டே இருக்கும். கொடியில் காயப்போட்ட கறுப்புச் சட்டை சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் சட்டையாகியிருக்கும். இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. துபாய் முழுக்கக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அந்தக் கட்டடங்களில்தான் கிடந்தோம்.

நான் கம்பெனி ஸ்டோரில் கிளார்க். பரமக்குடிக்காரன். பி.காம். படித்தவன் என்று ரூமில் எனக்குக் கீழ்க்கட்டில் கொடுத்திருந்தார்கள். அந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

எட்டுப் பேர் இருந்த அந்த ரூமில் அம்மையப்பனும் விஜயபாஸ்கரும் ஒரே குடும்பம். முதுகுளத்தூர்ப் பக்கம். அம்மையப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு வருஷமாகக் கம்பி கட்டியவர். விஜயபாஸ்கர் அவருடைய மனைவி ராக்கம்மாளின் தம்பி. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு விசா வாங்கிக் கொடுத்து இழுத்து வந்தவர் அத்தான்தான். கம்பெனி பட்டறையில் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அத்தானுக்குத் துணி துவைத்துப் போடுவான், முடி வெட்டிவிடுவான். பெண்டாட்டிகூட அப்படிப் பார்க்க மாட்டாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரித்துக்கொள்வார்.

அந்த வருஷம் அம்மையப்பனின் கை வேகம் விழுந்துவிட்டது. கம்பி கட்டுகிறவன் நாளொன்றுக்கு ஆயிரம் முடிச்சாவது போட வேண்டும். அவர் பாதியைத் தாண்டவில்லை. ஊருக்கு அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் ஃபோர்மேன் நூஹு அவர் பெயரை எழுதிவிட்டார். விஜயபாஸ்கர் போய் நின்று கெஞ்சிய பிறகு, சரி, சாப்பாடு கொண்டு போகிற வேலையைப் பார்க்கட்டும் என்று இறங்கி வந்தார். இதுவும் முடியாவிட்டால் கலாஸ், முடிந்தது, ஊருக்கு டிக்கெட்தான் என்றும் சொல்லி அனுப்பினார்.

சாப்பாட்டு வேலை என்றால் இதுதான். காலை நாலு மணிக்குக் கட்டிக்கொண்டு போகிற சோறு ஜூன் மாதத்து வெயிலில் பன்னிரண்டரைக்குத் திறந்தால் நூல் விடும். சாம்பார் நுரைத்திருக்கும். அதைத் தின்றுவிட்டு வாந்தி எடுக்காத ஆள் கிடையாது. பர்ஷா பக்கத்து சைட்டில் இருந்த இருபத்திரண்டு பேர் சேர்ந்து, கேம்ப் மெஸ் நடத்தும் கீழக்கரை காதர் மைதீன் பாயிடம் பதினொன்றரைக்குப் புதிதாக வடித்துத் தரச் சொன்னார்கள். அதைக் கொண்டு போய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். அம்மையப்பன் அந்த ஆளானார். ஊருக்குப் போகும்போது ஒரு சைனாக்கார சர்வேயர் விட்டுப்போன பேட்டரி சைக்கிள் ஒன்று பட்டறையில் கிடந்தது. விஜயபாஸ்கர் அதைத் துடைத்து, பின்னால் பெட்டி கட்டி, ஓட வைத்தான்.

மூன்று பேட்டரி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட். ஆக முப்பத்தாறு. சமதரையில் போதும். ஆனால் பர்ஷாவுக்குப் போக வேண்டுமானால் பெரிய ரோட்டுக்கு மேலே போகிற பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். இருபத்திரண்டு டப்பாவும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு பாலத்தில் பாதி போனதும் மோட்டார் முனக ஆரம்பிக்கும். மீதிப் பாதிக்குக் காலால் மிதிக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நேரத்துக்குப் போனார். பிறகு பத்து நிமிஷம் பிந்தியது, பிறகு இருபது நிமிஷம். பசியோடு காத்திருந்தவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். வண்டி இழுக்கவில்லை என்று அவர் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

ஒரு புதன்கிழமை விஜயபாஸ்கரும் நானும் கம்பெனி பிக்கப்பில் அதே பாலத்தில் போனோம். ஏற்றத்தின் நடுவில் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றொரு கை நெஞ்சில் இருந்தது. அந்த வெயிலில் எல்லாருக்கும்தான் வியர்க்கும். அவருக்கு வியர்த்தது வேறு மாதிரி. முகம் வெளுத்து, உதடு சாம்பல் நிறமாக இருந்தது. விஜயபாஸ்கர் வண்டி நிற்பதற்கு முன்னால் குதித்து ஓடினான். ஐந்து நிமிஷத்தில் அவருக்கு நிறம் திரும்பியது.

"வண்டி ஏறமாட்டேங்குது மாப்ள" என்றார்.

விஜயபாஸ்கர் வண்டியைப் பார்க்கவில்லை. அவருடைய கையைத்தான் பார்த்தான். இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தது அந்தக் கை. நானும் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, காதர் பாய் மெஸ்ஸில் கறி வேகிற வாடை வந்துகொண்டிருக்கும்போது, மூன்று பேரும் ரூமில் உட்கார்ந்து பேசினோம். மற்றவர்கள் துணி துவைக்கப் போயிருந்தார்கள். எத்தனை நாளாக இந்த வலி என்று விஜயபாஸ்கர் கேட்டான். வலியெல்லாம் இல்லை, ஒரு பிடிப்புத்தான், நின்றால் சரியாகிவிடுகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான் அவன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போனா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா? அந்த பீகாரிக்காரன் நெஞ்சு வலின்னு கம்பெனி டாக்டர்ட்டப் போனான். பதினஞ்சாம் நாளு டிக்கெட்டக் கையில குடுத்துட்டாக. கனகா படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அங்கிட்டுப் போயி நான் என்ன செய்ய, கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போடவா? அதுக்கும் இந்த நெஞ்சுதான வேணும்."

கனகா அவருடைய ஒரே மகள். மதுரையில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண்.

விஜயபாஸ்கர் கீழே கிடந்த காலி சிகரெட் அட்டைப்பெட்டியை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். கம்பெனிக்குத் தெரியாமல் வெளியில் ஒரு டாக்டரிடம் போகலாமே என்று நான் சொல்லியிருக்கலாம். பர்துபாயில் நம்மூர் டாக்டர்கள் இருந்தார்கள். எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் என்று ஒருவரிடம் போய்விட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார். சொன்னதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியாது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

"அப்ப ஒண்ணு செய்வம் அத்தான். வண்டிய மாத்துவம். நீங்க மிதிக்கவே வேணாம்" என்றான் விஜயபாஸ்கர்.

அந்த நிமிஷத்தில் ரூமில் இருந்த இறுக்கம் போய்விட்டது. இன்றைக்கும் அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரு நிம்மதி. மனிதனைப் பற்றிய பேச்சு வண்டியைப் பற்றிய பேச்சாகிவிட்டது. வண்டியைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

அந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அவன் படம் போட்டான். இரண்டு வழி இருந்தது. முப்பத்தாறு வோல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய பேட்டரியாகப் போடலாம். அல்லது இருக்கிற அளவிலேயே நாலாவது பேட்டரி ஒன்றைச் சேர்த்து நாற்பத்தெட்டு ஆக்கலாம். பெரிய பேட்டரி போடு, அதுதானே பலம் என்று என் பி.காம். அறிவுக்கு எட்டியதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

"ஆம்பியரு தொட்டித் தண்ணி மாதிரி. கூட்டுனா ரொம்ப நேரம் ஓடும், அம்புட்டுத்தான். வோல்ட்டு தொட்டியோட ஒசரம். ஒசரத்துல இருந்து விழுகுற தண்ணிக்குத்தான் வேகம். அத்தானுக்குத் தூரம் பிரச்சினை இல்ல, ஏத்தந்தான் பிரச்சினை. நாப்பத்தெட்டுதான் சரி."

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை என்றும் சொன்னான். மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடுகிற பழைய கண்ட்ரோலர் பெட்டி முப்பத்தாறுக்குச் செய்தது. முழுச் சார்ஜில் நாலு பேட்டரியும் சேர்ந்து ஐம்பது வோல்ட்டுக்கு மேலே நிற்கும், அது தாங்காது, வெடித்துவிடும். வேறு பெட்டி வேண்டும். சார்ஜரும் வேறு வேண்டும். வேகம் கூடினால் பழைய பிரேக் பிடிக்காது. ஒரு பேட்டரியின் கனம் கூடுவதால் பின் சக்கரத்துக் கம்பிகளையும் பார்க்க வேண்டும்.

சொன்னபடி எல்லாம் செய்தான். சைனாக்காரன் கடையில் பெட்டியும் சார்ஜரும் வாங்கி வந்தான். தடித்த வயர் இழுத்தான். பிரேக் கட்டைகளை மாற்றினான். நாலாவது பேட்டரியை ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்ததிலிருந்து தேர்ந்து நான் எடுத்துக் கொடுத்தேன். அதை மூன்று நாள் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்த்தான். மீட்டர் முள்ளை வைத்து ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுத் தொட்டுச் சோதித்தான். ஒரு வண்டிக்கு அத்தனை பரிசோதனை நடந்தது. அதில் ஏறுகிற ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்போது இது எங்களுக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் பொய். உறைத்தது. உறைத்ததால்தான் வண்டியை அவ்வளவு கவனமாகப் பார்த்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்பெட்டியில் தண்ணீர் கேன்களை ஏற்றிப் பாலத்துக்குக் கொண்டு போனோம். அம்மையப்பன் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினார். கால் இரண்டும் மிதியில் சும்மா இருந்தன. வண்டி போனது. பாதியில் முனகவில்லை. உச்சியில் போய் நின்று திரும்பிப் பார்த்து, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையை ஆட்டினார். விஜயபாஸ்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெயில் என்றான்.

பிறகு வந்த ஆறு வாரமும் நல்ல வாரங்கள். பன்னிரண்டே காலுக்கே சைட்டில் டப்பா இறங்கிவிடும். சோற்றில் ஆவி பறக்கும். திட்டியவர்களே அவருக்கு மோர் வைத்திருந்து கொடுத்தார்கள். சைக்கிள் மிதிக்கிற பாகிஸ்தானிகளை எல்லாம் முந்திக்கொண்டு போகிறார் என்று அவருக்கு 'நாப்பத்தெட்டு' என்று பெயர் வைத்தார்கள். நாப்பத்தெட்டு வந்துட்டாரா, நாப்பத்தெட்டு குளிச்சிட்டாரா என்று கேம்ப் முழுக்க அதே பெயர். காதர் பாய்கூட, நாப்பத்தெட்டுக்கு ஒரு மீன் கூட வை என்பார். ஊருக்குப் போன் பேசும்போது அவரே ராக்கம்மாளிடம் அதைச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். தம்பி என் வண்டிக்கு இறக்கை கட்டி விட்டுட்டான் என்றார்.

வெள்ளிக்கிழமைதோறும் விஜயபாஸ்கர் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"பாலம் எப்படி இருக்கு அத்தான்?"

"பாலமா? எந்தப் பாலம்? நான் பாத்து நாளாச்சே" என்பார் அவர்.

நாங்கள் பாலத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டோம்.

கம்பெனி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எவன் ஒரு வேலையை நன்றாகச் செய்கிறானோ அவனுக்கு அதே வேலை இரண்டாகிவிடும். சாப்பாடு பதினைந்து நிமிஷம் முந்தி வருவதை நூஹு பார்த்தார். அதே ரோட்டில் இன்னொரு சைட், உள்வேலை நடக்கிற ஐந்து மாடிக் கட்டடம். அங்கே பதினெட்டுப் பேர். அதையும் சேர்த்துக் கொண்டு போ என்றார். அம்மையப்பன் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருந்தால்தான் ஆச்சரியம். முப்பத்தாறு வோல்ட்டில் இருந்திருந்தால் அவரைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அந்தச் சைட்டில் ஆட்கள் நாலாவது மாடியில் இருந்தார்கள். மத்தியான இடைவேளை விட்டால் சாமான் ஏற்றும் லிஃப்ட்டும் நின்றுவிடும். அதை ஓட்டுகிறவனுக்கும் இடைவேளைதானே. மேலே இருந்தவர்கள் சாந்தும் பெயிண்டுமாக வேர்த்து ஒழுகிக் கிடந்தார்கள். இறங்கி வந்து திரும்ப ஏற ஒருவனுக்கும் தெம்பில்லை. பெரியவரே, கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்று முதல் நாள் கேட்டிருக்கிறார்கள். கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அதுவும் அவர் வேலையாகிவிட்டது. ஒரு நடைக்கு ஆறு டப்பா, மூன்று நடை. எங்களிடம் அவர் மூச்சு விடவில்லை. வண்டி நன்றாக இழுக்கிறதா என்று கேட்டால், நன்றாக இழுக்கிறது என்பார். அது உண்மைதான்.

ஆகஸ்ட் மாதம் இருபத்தெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காற்றில் ஈரம் கூடி, கட்டடங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியாத நாள். ஒரு மணி ஆகியும் மூன்றாவது நடை மேலே வரவில்லை. ஒருவன் இறங்கிப் பார்த்திருக்கிறான். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறு டப்பாவையும் வரிசையாகப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தார். ஒன்றும் சிந்தவில்லை. தூங்குகிறார் என்று அவன் தோளைத் தொட்டிருக்கிறான்.

நாங்கள் போனபோது ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று போலீஸுக்காகக் காத்திருந்தார்கள். விஜயபாஸ்கர் படியில் ஏறவில்லை. கீழே சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றான். இத்தனை மாடி என்று எனக்குத் தெரியாதே, தெரியாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு அவன்தான் போன் செய்தான். அத்தான் என்று சொல்லி நிறுத்தினான். போனில் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. காதர் பாய் அன்று இரவு உலை வைக்கவில்லை. கடையில் ரொட்டி வாங்கிக் கொடுத்தார்.

உடலை அனுப்புவதற்குப் பேப்பர்கள் ஆக ஐந்தாறு நாள் பிடித்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, தூதரகம் என்று நானும் விஜயபாஸ்கரும் அலைந்தோம். பெட்டியோடு ஒருவர் போகக் கம்பெனி டிக்கெட் கொடுத்தது. போகிறவன் விஜயபாஸ்கர் என்பதில் பேச்சே இல்லை. அவன் அவருடைய துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டான்.

நாலாம் நாள் காலை, பிணவறை ஆபீஸுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நாங்கள் முத்திரைக்காகக் காத்திருந்தபோது ராக்கம்மாளின் மிஸ்டு கால் வந்தது. அவன் திருப்பிக் கூப்பிட்டான். அந்தக் காலத்துப் போனில் எதிர்ப்பக்கத்துக் குரல் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்கும். நான் நகர்ந்திருக்கலாம், நகரவில்லை.

அவள் அழுகை வற்றிப்போய்ப் பேசினாள். ரொம்பச் சிரமப்பட்டாகளா என்று கேட்டாள். இல்லை, உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்றான் இவன். பிறகு சொன்னாள்.

"நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்யா. போன மாசியில லீவுல வந்தாகள்ல, ஒரு கொடம் தண்ணி தூக்கிட்டு வர முடியல அவுகளால. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாக. தம்பிகிட்டச் சொல்லப் போறேன்னேன். கனகா தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கிட்டாக. மாப்ளைக்குத் தெரிஞ்சா வேலையாவது ஒண்ணாவதுன்னு அன்னைக்கே என்னைய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவான்டின்னாக. நானும் வாய மூடிக்கிட்டேன். பாவி, நான் சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா? சொல்லுய்யா. நீ கூட்டிட்டுப் போயிருப்பல்ல?"

விஜயபாஸ்கர் மரத்தில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தான். ஆமாக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவள் காலத்துக்கும் சுமக்க வேண்டியிருக்கும். இது அவனுக்கும் புரிந்தது என்று அவன் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான். "பாலத்துல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நின்னத நானே பாத்தேன். கூட்டிட்டுப் போகல. வேலை போயிருமேன்னு வண்டிக்கு வோல்ட்ட ஏத்திக் குடுத்தேன். நீ சொல்லியிருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். உம்மேல ஒண்ணும் இல்லக்கா."

போன் கட்டாகிவிட்டதோ என்று அவன் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். ஆகவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவுவது கேட்டது. அப்புறம் அவள் குரல் வந்தது, மெதுவாக, ஒரு கோபமும் இல்லாமல்.

"நீ வர வேணாம்யா. அவுக மட்டும் வரட்டும்."

பெட்டியோடு நான்தான் போனேன். டிக்கெட்டைப் பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். ஏர்போர்ட்டில் விஜயபாஸ்கர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான். கையை ஆட்டவில்லை.

திருச்சியில் இறங்கி, வேன் பிடித்து, ஊர் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அன்றே எடுத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது, ராக்கம்மாள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தாள். பக்கத்தில் கனகா நின்றாள்.

"நீங்க யாரு பெத்த பிள்ளையோ, கூட வந்து சேத்துட்டீக" என்றாள். "அவன மாதிரி இல்லாம, ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அவுகள விட்டிருக்க மாட்டீக."

விஜயபாஸ்கர் என்னைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. விட்டிருக்க மாட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு நான் வேனில் ஏறினேன்.